மாலையில் தளரும் தசைகள்

சோம்பல் என்று பெயர் வாங்கிக்கொண்டு நெடுங்காலம் மறைந்து வாழ்ந்த நோய் ஒன்று உண்டு. காலையில் எழும்போது நோயாளி மற்றவர்களைப் போலவே இருப்பார். குரல் தெளிவாக இருக்கும். கண்கள் நன்கு திறந்திருக்கும். கைகள் சொன்னபடி கேட்கும். பொழுது ஏற ஏற ஒரு கண்ணிமை தாழத் தொடங்கும். பிற்பகலில் எதிரே வருபவர் ஒருவர் இருவராகத் தோன்றுவார். இரவு உணவில் பாதியை மென்றவுடன் தாடை ஓய்ந்துவிடும். எஞ்சியதைத் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டுதான் உண்ண வேண்டும். தலை வாரத் தூக்கிய கை நிற்காமல் விழும். சற்றே படுத்து எழுந்தால் வலிமை திரும்பி வரும். வலி இல்லை; காய்ச்சல் இல்லை; தொட்டால் உணர்ச்சியும் குறைவில்லை. வீட்டார் என்ன நினைப்பார்கள்? வேலை என்றால் தளர்ச்சி, ஓய்வு என்றால் தெம்பு. இப்படியும் ஒரு நோய் உண்டா என்றுதான் கேட்பார்கள்.

உண்டு. மருத்துவர்கள் அதனை மயஸ்தீனியா கிராவிஸ் என்று அழைக்கின்றனர். கிரேக்கமும் இலத்தீனும் கலந்த இப்பெயருக்குக் கடுமையான தசைத் தளர்ச்சி என்பது பொருள். பல நாடுகளில் எடுத்த கணக்குகளைப் பார்த்தால், பத்து இலட்சம் மக்களில் ஏறத்தாழ 150 முதல் 200 பேருக்கு இந்நோய் இருப்பதாகத் தெரிகிறது. அந்த விகிதம் நம் நாட்டுக்கும் பொருந்துமாயின், இரண்டு கோடி மக்கள் வாழும் ஒரு மாநகரில் மூவாயிரம் பேராவது இதனைச் சுமந்துகொண்டு நடமாடுவர். இளம் பெண்களிடமும் ஐம்பது வயதைக் கடந்த ஆண்களிடமும் இது மிகுதியாகக் காணப்படுகிறது. இந்தித் திரைப்பட நடிகர் அமிதாப் பச்சன் 1980களில் தமக்கு இந்நோய் வந்ததை மறைக்காமல் கூறியிருக்கிறார்.

இந்நோயில் தசை கெடுவதில்லை, நரம்பும் கெடுவதில்லை. நம்மை நோயினின்றும் காப்பதற்கென்றே இரத்தத்தில் உலவும் வெள்ளணுக்கள், நரம்பும் தசையும் சந்திக்கும் ஒரு சிறு இடத்தைப் பகைவரின் கோட்டை என்று கருதித் தாக்குகின்றன. உடலின் காவல் குன்றியதால் வந்த நோயன்று இது. காவல் திசை தப்பியதால் வந்த நோய். இந்த வேறுபாட்டை உணராமையால் நோயாளிகளுக்கு நேரும் தீங்கு சிறிதன்று. அதனைப் பின்னர்க் கூறுகிறேன்.

ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் ஓர் அம்மையாரைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அவர் காலையில் தங்குதடையின்றிப் பேசுவார். நெடுநேரம் பேசியபின் வாய் அடைத்துப்போகும். ஓரிரு மணி நேரம் கழித்தே குரல் திரும்பும். இந்நோயைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று இதுவே எனலாம். அதன்பின் இரு நூற்றாண்டுகள் கழிந்தன. பெர்லின் நகரத்து யோலி என்பார் 1895இல் ஒரு சோதனை செய்து காட்டினார். நோயாளியின் தசையை மின்சாரத்தால் அடுத்தடுத்துத் தூண்டினால், முதலில் வலுவாகச் சுருங்கும் தசை படிப்படியாகச் சோர்ந்துவிடும். நோயாளி நடிக்கிறார் என்ற ஐயத்திற்கு அன்றே விடை கிடைத்துவிட்டது. மின்சாரத்தின் முன் யாரும் நடிக்க முடியாது அல்லவா? ஆயினும் அந்த ஐயம் இன்றுவரை பல வீடுகளில் வாழ்கிறது.

மருந்து கண்டவர் புகழ்பெற்ற பேராசிரியர் அல்லர். இலண்டனின் கிரீனிச்சில், ஏழைகளுக்கான செயின்ட் ஆல்பீஜ் மருத்துவமனையில் பணியாற்றிய மேரி வாக்கர் என்னும் பெண் மருத்துவர் அவர். தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவும் குராரே என்ற நஞ்சு, தசைகளைச் செயலற்றுப்போகச் செய்யும். இந்நோயின் குறிகளோ அந்நஞ்சு ஏறியவரின் குறிகளை ஒத்திருக்கின்றன. அவ்வாறாயின், குராரேக்கு மாற்றாகிய பைசோஸ்டிக்மின் இங்கும் பயன்பட வேண்டுமே என்று அவர் எண்ணினார். 1934இல் ஊசி வழியே அதனைச் செலுத்தினார். நோயாளியின் தளர்ந்த தசைகள் சில மணி நேரம் வலிமை பெற்றன. மருந்தின் வேகம் தணிந்ததும் பழைய தளர்ச்சி திரும்பியது. அடுத்த ஆண்டில் அவர் நியோஸ்டிக்மின் என்ற இன்னொரு மருந்தின் பயனையும் காட்டினார். இன்று நோயாளிகள் விழுங்கும் பிரிடோஸ்டிக்மின் மாத்திரை அந்த இனத்தைச் சேர்ந்ததே.

இம்மருந்து செய்வதென்ன என்பதை அறிய, நரம்பு தசைக்குச் செய்தி அனுப்பும் முறையைப் பார்க்க வேண்டும். நரம்பின் நுனி தசையைத் தொடுவதில்லை. இரண்டிற்குமிடையே மிக நுண்ணிய இடைவெளி இருக்கிறது. நரம்பில் மின்துடிப்பு வந்து சேர்ந்ததும், நுனியிலுள்ள சிறு பைகள் உடைந்து அசிட்டைல்கோலின் என்னும் இரசாயனப் பொருளை அந்த இடைவெளியில் கொட்டுகின்றன. அது மறுகரை சென்று, தசையின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் என்ற புரத மூலக்கூறுகளோடு சேர்கிறது. பூட்டில் சாவி நுழைந்தாற்போல ஏற்பி திறக்கிறது, தசை சுருங்குகிறது. வேலை முடிந்த அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடனே சிதைத்துவிடும். மேரி வாக்கரின் மருந்து அந்த நொதியைத் தடுத்து நிறுத்துகிறது. சாவிகள் சற்று நேரம் கூடுதலாக அங்கே தங்குகின்றன. ஆனால் குறை சாவியில் இல்லை, பூட்டுகள்தாம் குறைந்துவிட்டன.

இதனை மெய்ப்பிக்கப் பாம்பின் நஞ்சு உதவியது. நம் ஊர்க் கட்டுவிரியனின் இனத்தைச் சேர்ந்த தைவான் நாட்டுப் பாம்பொன்றின் நஞ்சிலிருந்து பிரித்த பொருள், இந்த ஏற்பிகளை மட்டும் தேடிச் சென்று இறுகப் பற்றிக்கொள்ளும். அதனைக் கொண்டு ஏற்பிகளை எண்ணிவிடலாம். அமெரிக்காவில் பேம்பரோ, டிராக்மன், சத்தியமூர்த்தி ஆகிய மூவரும் 1973இல் அவ்வாறு எண்ணியபோது, நோயாளியின் தசையில் ஏற்பிகள் இயல்பான அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கக் கண்டனர். நலமுள்ளவரிடம் ஏற்பிகள் தேவைக்கு மேல் நிறைய உண்டு. அடுத்தடுத்து வேலை செய்கையில் நரம்பு கொட்டும் அசிட்டைல்கோலின் துடிப்புக்குத் துடிப்பு குறைந்துகொண்டே வரும். மிகுதியாயுள்ள ஏற்பிகள் அக்குறையை ஈடு செய்துவிடும். நோயாளியிடமோ கையிருப்பு இல்லை. காலை வலிமையும் மாலைத் தளர்ச்சியும் இக்காரணத்தாலேயே.

பூட்டுகளை உடைத்தவர் யார்?

ஜான் சிம்ப்சன் என்ற ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் 1960இல் ஒரு கருத்தை வெளியிட்டார். இந்நோயாளிகளிடம் தைராய்டு நோய், முடக்குவாதம் முதலியவை அடிக்கடி கூடவே வருகின்றன. மார்பெலும்பின் பின்புறமுள்ள தைமஸ் சுரப்பி பலரிடம் பருத்திருக்கிறது. நோயுற்ற தாய் பெற்ற குழந்தைகளில் சில, பிறந்தவுடன் அழவும் பால் குடிக்கவும் வலுவின்றிக் கிடந்து, சில வாரங்களில் தாமே தேறிவிடுகின்றன. தாயின் இரத்தத்திலிருந்து ஏதோ ஒன்று குழந்தைக்குச் சென்று, பின்னர்க் கரைந்து போகிறது என்பது தெளிவு. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருளே இங்குத் தன் உடலையே எதிர்க்கிறது என்றார் சிம்ப்சன். சான்று அப்போது கைக்கு எட்டவில்லை.

சான்று வந்த வழி வேடிக்கையானது. கலிபோர்னியாவில் பாட்ரிக், லிண்ட்ஸ்டிராம் என்ற இருவர் மின்விலாங்கு மீனின் உடலிலிருந்து இந்த ஏற்பியைப் பிரித்தெடுத்தனர். அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம் என்று முயல்களுக்கு ஊசி போட்டனர். எதிர்ப்பொருள் உண்டாயிற்று, முயல்கள் தலை தூக்கவும் மாட்டாமல் துவண்டு விழுந்தன. நியோஸ்டிக்மின் இனத்து மருந்தைக் கொடுத்ததும் எழுந்து நின்றன. மீனின் புரதத்தை எதிர்க்கப் புறப்பட்ட முயலின் காவலணுக்கள் முயலின் சொந்தத் தசையையும் விட்டுவைக்கவில்லை. அதுவும் 1973ஆம் ஆண்டிலேயே. நோயாளியின் எதிர்ப்பொருளை எலிக்குச் செலுத்தினால் எலியும் தளர்கிறது என்பதை டொய்காவும் அவர் குழுவினரும் 1975இல் காட்டியபின், ஐயத்திற்கு இடமில்லாமற் போயிற்று.

எதிர்ப்பொருளை ஆக்குபவை பி அணுக்கள் என்ற வெள்ளணுக்கள். அவை முதிர்ந்து, ஓயாது எதிர்ப்பொருளைச் சுரக்கும் தொழிற்சாலைகளாக மாறுகின்றன. அந்த எதிர்ப்பொருள் மூன்று வகையில் தீங்கு செய்கிறது. ஏற்பியின் வாயிலை அடைத்துக்கொள்வது ஒன்று. அருகருகே உள்ள இரண்டு ஏற்பிகளைச் சேர்த்துப் பிணைத்து, தசையணு அவற்றை உள்ளிழுத்துச் சிதைக்குமாறு செய்வது மற்றொன்று. மூன்றாவதே கொடியது: இரத்தத்தில் உலவும் நிரப்புப் புரதங்களை அழைத்து வந்து தசையின் மேற்பரப்பில் துளையிடச் செய்வது. நலமுள்ள தசையில் அந்த இடம் ஆழ்ந்த மடிப்புகளோடு உழுத வயல்போல இருக்கும். நோயாளியிடம் அது தேய்ந்த தரைபோலத் தட்டையாகிவிடுகிறது.

ஆனால் பி அணுக்கள் பெரும்பாலும் தாமே முடிவு செய்வதில்லை. அவற்றுக்கு ஆணையிடுபவை டி அணுக்கள். தைமஸ் சுரப்பியின் ஆங்கில முதலெழுத்தே அவற்றின் பெயராயிற்று. அச்சுரப்பி எதற்கென்றே 1961 வரை யாருக்கும் தெரியாது. ஜாக் மில்லர் என்பவர் பிறந்த எலிக்குஞ்சுகளிலிருந்து அதனை நீக்கி, அவை கிருமிகளை எதிர்க்க மாட்டாமல் மடிவதைக் கண்டபின்னரே அதன் பெருமை விளங்கியது. எலும்பு மச்சையில் பிறந்த இளம் அணுக்கள் தைமஸுக்கு வந்து தேர்வு எழுதுகின்றன. உடலின் சொந்தப் புரதங்கள் அவற்றின் முன் வைக்கப்படும். அவற்றைக் கண்டு சீறிப் பாயும் அணு அங்கேயே அழிக்கப்படும். பயனற்ற அணுவும் அழியும். நூற்றுக்கு ஐந்து தேறினாலே அதிகம். நம் பல்கலைக்கழகங்களில் எதுவும் இவ்வளவு கடுமையாக மாணவர்களை வடிகட்டுவதில்லை!

இத்தேர்வில் தப்பித்து வரும் தீய அணுக்களும் உண்டு. அவற்றை அடக்கி வைக்கவென்று ஒழுங்காக்கும் டி அணுக்கள் என்ற தனிப் பிரிவு இருக்கிறது. ஜப்பானியரான ஷிமோன் சகாகுச்சி 1995இல் அவற்றை அடையாளம் காட்டினார். அந்த அணுக்களை ஆளும் மரபணுவைக் கண்ட மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய அமெரிக்கர் இருவரோடு அவருக்கு 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது. மயஸ்தீனியா நோயாளியிடம் இந்த ஒழுங்காக்கும் அணுக்கள் எண்ணிக்கையில் ஏறக்குறைய சரியாகவே இருந்தும், அடக்கும் ஆற்றல் குன்றியிருப்பதாக ஆராய்ச்சிகள் கூறுகின்றன. காவல் நிலையத்தில் ஆள் இருக்கிறது, அதிகாரம் இல்லை.

தைமஸ் சுரப்பியே குற்றம் நிகழும் இடமாகவும் இருக்கிறது என்பது இன்னும் வியப்பு. அச்சுரப்பிக்குள் தசையணுவை ஒத்த சில அணுக்கள் உள்ளன. அவை அசிட்டைல்கோலின் ஏற்பியைத் தாங்கி நிற்கின்றன. இளம் வயதில் நோயுற்றவர்களின் தைமஸில், சாதாரணமாகக் கழுத்து நெறிகள் போன்ற இடங்களில் காணத்தக்க பி அணுக் கூட்டங்கள் கூடுகட்டியிருக்கக் காணலாம். டி அணு ஆணையிட, பி அணு கற்க, எதிரியாகக் கருதப்படும் பொருளும் பக்கத்திலேயே இருக்க, நோய்க்கு வேண்டிய பள்ளிக்கூடம் ஓரிடத்திலேயே அமைந்துவிடுகிறது. நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேரிடம் அச்சுரப்பியில் கட்டியும் இருக்கும். அமெரிக்க அறுவை மருத்துவர் பிளாலாக் 1936இல் ஓர் இளம்பெண்ணின் தைமஸ் கட்டியை நீக்கி, அவள் உடல் தேறக் கண்டார். ஆயினும் அவ்வறுவை உண்மையில் பயன்தருகிறதா என்ற வாதம் எண்பது ஆண்டுகள் நடந்தது! 126 நோயாளிகளை இரு பிரிவாக்கி மூன்றாண்டு கவனித்த ஆய்வின் முடிவு 2016இல் வெளிவந்த பின்னரே வாதம் ஓய்ந்தது. கட்டி இல்லாதவரிலும், சுரப்பி நீக்கப்பட்டவர்களுக்குத் தளர்ச்சி குறைந்தது. குறைந்த மருந்தே போதுமானதாக இருந்தது.

எல்லா நோயாளிக்கும் இதே கதை அன்று. சிலரது இரத்தத்தில் ஏற்பிக்கு எதிரான பொருள் இராது. 2001இல் கண்டறிந்தபடி, ஏற்பிகளைக் கூட்டி நிறுத்தும் மஸ்க் என்ற வேறொரு புரதத்திற்கு எதிரான பொருள் இருக்கும். அவர்களுக்குத் தைமஸ் அறுவையால் பயனில்லை. பி அணுக்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து நன்றாகப் பயன்படுகிறது. காவலணுக்கள் செய்யும் கேடு இந்த ஒரு நோயோடு முடிவதுமில்லை. கில்லன்-பாரே என்னும் நோயில், வயிற்றுப்போக்குக் கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட படை நரம்பின் உறையை உரித்துவிடுகிறது. தசையழற்சி நோய்கள் சிலவற்றில் டி அணுக்களே நேராகத் தசைக்குள் புகுந்து தாக்குகின்றன. அவற்றை விரித்தால் நேரம் போதாது.

இனி முன்னே கூறிய தீங்கிற்கு வருகிறேன். தளர்ச்சி என்றதும் நாம் முதலில் தேடுவது சத்து மருந்து. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விளம்பரம் செய்யும் சூரணமும் லேகியமும் கடைதோறும் கிடைக்கின்றன. இந்நோயாளிக்கு எதிர்ப்புச் சக்தி குறையவில்லை. தவறான இடத்தில் மிகுந்திருக்கிறது. அதனை அடக்குவதுதான் சிகிச்சை. பிரெட்னிசலோன், அசதியோபிரின் ஆகிய பழைய மருந்துகள் காவலணுக்களை அடக்குகின்றன, விலையும் குறைவு. முன்னது தொடங்கிய முதல் சில வாரங்களில் தளர்ச்சி சற்றே கூடலாம். பின்னது பயன்தரப் பல மாதம் ஆகும். இதனை முன்கூட்டிச் சொல்லாததால் இடையிலேயே நிறுத்திவிடுவோர் பலர். நெருக்கடியில் இரத்தத்தின் நீர்ப்பகுதியை வடித்து எதிர்ப்பொருளை நீக்குவதும், நலமுள்ளோர் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள் தொகுதியை ஏற்றுவதும் உயிர் காக்கும். நிரப்புப் புரதத்தைத் தடுக்கும் மருந்து 2017இலும், எதிர்ப்பொருளை விரைவில் அழியச் செய்யும் மருந்து 2021இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அவற்றின் விலை நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாதது. ஆயினும் மனம் தளர வேண்டியதில்லை. பழைய மருந்துகளாலேயே பெரும்பாலோர் வேலைக்குச் சென்று, குடும்பம் நடத்தி, நிறைவாழ்வு வாழ்கின்றனர்.

தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நேயர்களுக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. மருத்துவரிடம் பிறமொழியில் நோயைச் சொல்ல வேண்டும். இந்தியில் கம்ஸோரி என்றால் இரத்தச் சோகையும் அதுதான், மனச்சோர்வும் அதுதான், இந்நோயும் அதுதான். அச்சொல்லை விட்டுவிடுங்கள். மாலையில் இமை விழுகிறது, உருவம் இரண்டாகத் தெரிகிறது, பாதி உணவில் தாடை ஓய்கிறது, ஓய்வெடுத்தால் தேறுகிறது என்று நிகழ்வதைச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்கு மருத்துவர் பார்க்கையில் முகம் நன்றாகவே இருக்கும். ஆகையால் முந்தைய நாள் மாலையில் கைப்பேசியில் எடுத்த படத்தைக் கொண்டு செல்வது நல்லது. தாழ்ந்த இமைமேல் இரண்டு நிமிடம் பனிக்கட்டிப் பொதியை வைத்தால் இமை உயர்வதும் ஒரு குறி. குளிர்ச்சியில் அந்த நொதியின் வேகம் தணிகிறது. டில்லியின் மே மாத வெயிலில் நோய் கூடுவதும் இதனோடு பொருந்துகிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ், புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முதலிய இடங்களில் நரம்பியல் துறைகள் இருக்கின்றன.

விழுங்கும்போது புரையேறுவதும், படுத்தால் மூச்சு முட்டுவதும், குரல் மூக்கால் வருவதும் அபாயக் குறிகள். மூச்சை இழுக்கும் தசையும் தசைதானே. அந்நேரத்தில் மறுநாள் காலை வரை காத்திராமல், செயற்கைச் சுவாசக் கருவியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். வேறு நோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளும் இந்தத் தளர்ச்சியைத் திடீரென்று கூட்டிவிடும். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் ஊசிகள், சிப்ரோபிளாக்சசின் இனத்து மாத்திரைகள், மலேரியாவுக்கான குவினைன், இரத்தக்குழாய் வழியே ஏற்றும் மக்னீசியம், இரத்த அழுத்தத்திற்கான பீட்டா தடுப்பிகள் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. நோயின் பெயரையும் உண்ணும் மருந்தின் அளவையும் இப்பட்டியலையும் ஓர் அட்டையில், எந்த மாநிலத்து மருத்துவரும் படிக்கத்தக்க ஆங்கிலத்தில் எழுதி, இரயில் பயணச் சீட்டோடு சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.